தேவையும் வேட்கையும்

சென்ற வைகாசிப் பௌர்ணமிக் கூட்டம் முடிந்து, திரிசரணம் கூறி அன்பர்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், தங்கவயலைச் சேர்ந்த உபாசிகை ஒருவர் நம்மை அணுகி, "ஐயா, நான் செய்தது தவறா?" என்று வினவினார். நிகழ்ந்தது இதுதான். அவர் கணவர் பெங்களூரில் கட்டட வேலை பார்ப்பவர். சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு மூடப்பட்ட பின்னர், தங்கவயல் மக்களில் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர். கணவருக்குச் சோறும் குழம்பும் கட்டிக் கொடுக்க வேண்டி, இவ்வம்மையார் நாள்தோறும் பின்னிரவு 3 மணிக்கே எழுந்து அடுப்பின் முன் அமர்வார். இரவிக்கை தைத்துப் பெற்ற கூலியில் ஆறு திங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து, 1,400 ரூபாய்க்குப் பிரஷர் குக்கர் ஒன்று வாங்கினார். அதைக் கேள்வியுற்ற நம் சங்கப் பெரியவர் ஒருவர், கூட்டத்தில் பலர் முன்னிலையில், "ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று இங்கே வந்து கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாமான் மேல் சாமானாக வாங்குகிறாயே அம்மா" என்று கூறிவிட்டார். கூறியவர் நல்லவர், பஞ்சசீலத்தில் வழுவாதவர், சுரங்கத்தின் அடியாழத்தில் பல்லாண்டு உழைத்து ஓய்ந்தவர். ஆதலால் அச்சொல் அம்மையாரின் மனத்தில் ஆழத் தைத்துவிட்டது.

அன்று நாம் தக்க விடை கூறினோமில்லை. "அப்படியொன்றும் தவறில்லை, போய் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். வீடு வந்து சேர்ந்த பிறகே, அது விடையாகாது என்பது நமக்கு உறைத்தது. தவறில்லையாயின் ஏன் தவறில்லை? வேட்கையே துக்கத்தின் தோற்றுவாய் என்பது பகவான் புத்தரின் இரண்டாம் வாய்மை அன்றோ? அதனை ஏற்றுக்கொண்ட இல்லறத்தான் கடைவீதிக்குள் நுழையும்போது, அவ்வாய்மையை வாயிற்படியிலேயே கழற்றி வைத்துவிட்டுச் செல்ல வேண்டுமா? அல்லது அதனை உடன்கொண்டு சென்றே ஒரு பாத்திரம் வாங்கிவர இயலுமா? இதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் நம் தாய்மொழியிலேயே ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் முதலாக யாவரும் புத்தர் என்றவுடன், "ஆசையே துன்பத்துக்குக் காரணம்" என்று ஒப்பிக்கின்றனர். ஆனால் 'ஆசை' என்னும் இச்சொல்லைத் தமிழர் எதற்குத்தான் பயன்படுத்தவில்லை? குழந்தை மாம்பழம் கேட்பதும் ஆசை. மகன் படித்து முன்னேற வேண்டும் என்று தாய் எண்ணுவதும் ஆசை. பிறன் நிலத்தை வளைத்துப் போட நினைப்பதும் ஆசை. பாலி மொழியில் இக்குழப்பம் இல்லை. அங்கே துக்கத்தின் காரணமாகக் கூறப்படுவது 'தண்ஹா', அதாவது தாகம். குடிக்கக் குடிக்க மேன்மேலும் வளரும் தாகம். நற்செயல் புரிய வேண்டும் என்னும் விருப்பத்தைக் குறிக்க 'சந்த' என்ற வேறொரு சொல் உண்டு. முயற்சிக்கு அடிப்படையாக அதனைப் புத்தர் ஏற்றும் பேசுகிறார். நம் மணிமேகலைக் காப்பியமும் பன்னிரு சார்புகளைக் கூறுமிடத்து 'வேட்கை' என்ற சொல்லையே ஆள்கிறது. அச்சொல்லை விடுத்து, எல்லாவற்றுக்கும் பொதுவான 'ஆசை'யை அவ்விடத்தில் பெய்ததனாலேயே, பசித்தவன் சோறு வேண்டுவதும் பேராசைக்காரன் பொன் வேண்டுவதும் ஒரே குற்றமாகிவிட்டன.

புத்தர் இல்லறத்தார்க்கு என்ன கூறினார் என்பதைப் பார்ப்போம். கோலியர் நாட்டில் தீகஜாணு என்பவன் அவரிடம் வந்து, தாங்கள் மனைவி மக்களோடு நெருக்கி வாழ்பவர்கள் என்றும், காசிச் சந்தனமும் மாலையும் அணிபவர்கள் என்றும், பொன்னையும் வெள்ளியையும் கையாள்பவர்கள் என்றும் ஒளிவுமறைவின்றிக் கூறி, இத்தகையோர்க்கு ஏற்ற அறத்தை உரைக்குமாறு வேண்டினான். சந்தனத்தைத் துடைத்தெறிந்து வா என்று ததாகதர் கூறினாரில்லை. ஊக்கத்தோடு தொழில் புரிதல், ஈட்டியதைக் காத்தல், நல்லாரோடு கூடுதல், வரவுக்கேற்ற செலவோடு வாழ்தல் என நான்கினை எடுத்துரைத்தார். நான்காவதை விளக்குங்கால் அவர் காட்டிய உவமை தராசு பிடிப்பவனின் உவமை. வரவுக்கு மிஞ்சிச் செலவிடுபவன் அத்திமரத்தை உலுக்கி, உண்பதைக் காட்டிலும் உதிர்ப்பதையே மிகுதியாக்குபவனை ஒப்பான் என்றார். அத்தோடு நிறுத்தினாரா? இல்லை. கையில் பொருளிருந்தும் வாய்க்கும் வயிற்றுக்கும் இட்டுக்கொள்ளாது கிடப்பவன் ஆதரவற்றோன் போல மடிவான் என்று கூறி, தராசின் மறு தட்டையும் காட்டினார். அவ்விரண்டாம் பகுதியை நம் சொற்பொழிவாளர்கள் எடுத்துக் கூறி நாம் கேட்டது மிகக் குறைவு.

ஆளவி நகரத்து உழவனின் கதை அன்பர்கள் அறிந்ததே. காணாமற்போன எருதைக் காடெங்கும் தேடிக் களைத்து வந்த அவ்வேழைக்காகப் புத்தர் பேசாது காத்திருந்தார். வந்தவன் பசித்திருப்பதைக் கண்டு, முதலில் அவனுக்குச் சோறிடச் செய்தார், அதன்பின்னரே அறமுரைத்தார். சோற்றைப் பற்றி இவ்வளவு அக்கறையா என்று சில பிக்குகளே வியந்தனர். பசியைப் போன்ற நோய் வேறில்லை என்பது அவர் அளித்த விடையின் கருத்து. உடலின் துன்பம் உள்ளவரை அறம் செவியில் ஏறாது என்பதை அவர் அறிந்திருந்தார். பின்னிரவில் எழுந்து புகையில் கண் கசக்கும் பெண்ணுக்கு, பௌர்ணமி இரவில் தியானம் செய்ய உறக்கம் விடுமா?

குக்கரின் கணக்கைச் சற்றே பார்ப்போம். இதில் வேட்கை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப்பார்ப்பது நல்லது. தங்கவயல் கடல்மட்டத்துக்கு மேல் 800 மீட்டரைத் தாண்டிய உயரத்தில் இருப்பது. அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவாதலால், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 பாகை அளவிலேயே கொதித்துவிடும். எவ்வளவுதான் எரித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. ஆகவே கடற்கரை ஊரில் வேகும் நேரத்தில் அங்கே பருப்பு வேகாது. மூடி இறுகி, மேலே எடை வைத்த பாத்திரத்தில் ஆவி அடைபடுவதால் சூடு 120 பாகை வரை ஏறுகிறது. முக்கால் மணி நேரம் வேகும் துவரம்பருப்பு பத்துப் பதினைந்து நிமிடத்தில் குழைந்துவிடுகிறது. எரிபொருள் குறைகிறது, அவ்வம்மையார்க்கு நாளொன்றுக்கு அரைமணி நேர உறக்கம் கூடுகிறது. ஆண்டு முழுதும் கூட்டிப் பார்த்தால் 180 மணி நேரத்துக்கு மேலாகும். 1,400 ரூபாய்க்கு இவ்வளவு உறக்கத்தை வேறெந்தக் கடையில் வாங்க முடியும்?

இனி, நாம் சொல்லத் தயங்கியும் சொல்லாமல் விடக்கூடாத ஒரு செய்தி. போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று நம் மக்களுக்கு ஓதியவர்கள் யார்? அதனை மனமாரக் கடைப்பிடித்த துறவிகளா? மனு நூலின் பத்தாம் அத்தியாயம், சண்டாளர் உடைந்த கலங்களில் உண்ண வேண்டும் என்றும், இரும்பே அவர்க்கு அணிகலன் என்றும் விதித்தது. சூத்திரன் பொருள் சேர்த்தலே ஆகாது என்றும் கூறியது. அஃது ஏட்டோடு நிற்கவில்லை. 1930ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் நம் மக்கள்மீது எட்டுத் தடைகள் விதித்தனர். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது, ஆடவர் சட்டை அணியலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது, வீட்டில் மண்கலம் தவிர வேறு கலம் புழங்கலாகாது. மீறிய குடும்பங்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன.

இது தமிழகத்தின் ஒரு மூலையில் மட்டும் நிகழ்ந்த கொடுமை என்று யாரும் எண்ணிவிட வேண்டா. பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் சாதி ஒழிப்பைப் பற்றி 1936ஆம் ஆண்டு வெளியிட்ட உரையில் இத்தகைய செய்திகளை வரிசையாகத் தொகுத்திருக்கிறார். குஜராத்தில் அகமதாபாத் மாவட்டத்து ஜானு என்னும் சிற்றூரில், 1935 நவம்பரில், சற்று வசதியுள்ள தீண்டாதார் குடும்பத்துப் பெண்கள் உலோகக் குடங்களில் தண்ணீர் எடுத்து வரத் தொடங்கினர். அது தங்கள் மதிப்புக்கு இழுக்கு என்று கருதிய சாதி இந்துக்கள் அப்பெண்களைத் தாக்கினர். ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாரா என்னும் ஊரில், யாத்திரை சென்று திரும்பிய ஒருவர் தம் இனத்தார்க்கு 1936இல் விருந்தளித்தபோது, சோற்றில் நெய் இட்டார் என்பதற்காகவே தடியோடு வந்து விருந்தைக் குலைத்தனர். ஒரு குடம்! ஒரு கரண்டி நெய்! அவற்றின் விலை என்ன பெறும்? அடித்தவர்கள் அவற்றின் விலையைக் கருதி அடிக்கவில்லை. குடம் வாங்குபவன் நாளை நிமிர்ந்து நடப்பான் என்பதை அவர்கள் நம்மினும் தெளிவாக அறிந்திருந்தனர்.

ஆகவே வாங்க இயலாதபோதும், வாங்க விடாதபோதும் வெறுங்கையோடு இருந்ததை 'போதுமென்ற மனம்' என்று சொல்லிக்கொள்ளல் பொருந்தாது. கையில் இருப்பதைத் தானே விரும்பி விடுபவனுக்கே துறவு உண்டு. பிடுங்கப்பட்டவன் துறவி ஆகான். பெரியவர் கூறிய சொல் அவர் வாயிலிருந்து பௌத்தமாகவே வந்தது. ஆனால் அது நம் வீடுகளுக்குள் நுழைந்த வழி வேறு என்று நாம் ஐயுறுகின்றோம்.

அவ்வாறாயின் கடையில் காண்பதையெல்லாம் வாங்கிக் குவிக்கலாமோ என்று கேட்கலாம். அதற்கும் நம்மிடம் உடன்பாடில்லை. அனாதபிண்டிகருக்கு இல்லறத்தானின் நால்வகை இன்பங்களைக் கூறிய புத்தர், பொருளுடைமை, அதனைத் துய்த்தல் என்னும் இரண்டையும் அடுத்துக் கடனின்மையை வைத்தார். நான்காவதாகப் பழியற்ற வாழ்வை வைத்து, அதுவே தலையாயது என்றார். மூன்றாவதாகிய கடனின்மையே நம் குடும்பங்களில் முதலில் பறிபோகிறது. தவணை முறையில் இன்று எதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிவிடலாம். பொருள் முதல் நாளே வந்துவிடும். வட்டி மாதந்தோறும் வரும். பொருள் பழுதாகி மூலையில் கிடக்கும்போதும் தவணை மட்டும் நிற்பதில்லை. ஆறு திங்கள் காத்திருந்து கைப்பணத்தில் வாங்கிய அவ்வம்மையாரின் பொறுமையை, அவரைக் கடிந்த பெரியவரும் கவனிக்கவில்லை. அன்று நாமும் கவனித்துப் பாராட்டவில்லை.

அண்டை வீட்டான் கண்ணுக்காக வாங்கும் பொருளையும் இவ்விடத்தே கூற வேண்டும். கண்ணாடி அலமாரிக்குள் அடுக்கி வைத்து, விருந்தினர் வந்தாலும் எடுக்காத பீங்கான் தட்டுகளை நாம் பல வீடுகளில் கண்டிருக்கின்றோம். அலுமினியத் தட்டில் உண்டுகொண்டே பீங்கான் தட்டுக்குத் தூசு துடைப்பவர்கள் அப்பொருளை ஆள்கின்றனரா, அப்பொருள் அவர்களை ஆள்கின்றதா? எனினும் இதிலும் நாம் கடுமையாகப் பேச விரும்பவில்லை. குடை பிடித்ததற்காக அடிபட்டவரின் பேரன் ஒரு நல்ல குடையைச் சற்று விரித்தே பிடித்து நடந்தால், அதனைப் பகட்டு என்று இகழ நமக்கு நா எழவில்லை. சிகாலனுக்கு உரைத்த அறத்தில், மனைவிக்கு அணிகலன் வாங்கித் தருவதையும் கணவன் கடமைகளுள் ஒன்றாகப் புத்தர் சேர்த்திருக்கிறார் என்பது நினைவிருக்கட்டும்.

வாங்கும் பொருள் யாருடைய கையின் சுமையைக் குறைக்கிறது என்று கேட்டுப் பார்ப்பதே நமக்குத் தோன்றும் உரைகல். இக்கேள்வியை எழுப்பினால் நம் வீடுகளின் நிலை வெளிப்பட்டுவிடும். ஆடவனுக்கு மோட்டார் சைக்கிள் முதலில் வருகிறது. கூடத்துக்குப் பெரிய தொலைக்காட்சி அடுத்து வருகிறது. சமையலறைக்கு வரவேண்டியது கடைசியில் வருகிறது, அல்லது வருவதேயில்லை. அவ்விரண்டும் வந்தபோது எந்தப் பெரியவரும் கூட்டத்தில் எழுந்து வேட்கையைப் பற்றிப் பேசியதாக நமக்கு நினைவில்லை.

இக்குற்றத்துக்கு நாமும் விலக்கல்லேம். பல ஆண்டுகளுக்கு முன் நம் இல்லத்தரசியார் மிக்சி ஒன்று வேண்டுமென்று கேட்டார். மணிக்கட்டு வலிக்கிறது என்றும் கூறினார். அம்மியில் அரைத்த சட்டினியின் சுவை வருமா என்று கேட்டு, எளிய வாழ்வைப் பற்றி நீண்டதோர் உரையும் ஆற்றினோம். அந்த மாதம் நாம் வாங்கிய நூல்களின் விலை ஒரு மிக்சியின் விலைக்குக் குறைந்ததன்று. நூல் வாங்குவது அறிவுத் தேடல்; மிக்சி வாங்குவது ஆசை! அரைத்தவர் அவர்; சுவையைப் பற்றிப் பேசியவர் நாம்.

பெரும்பணம் வேண்டாத சில பொருள்களையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். தங்கவயலுக்கு மின்சாரம் சிவசமுத்திரத்திலிருந்து 1902ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது; ஆனால் அது பொன் எடுக்கும் இயந்திரங்களுக்காக வந்ததேயன்றி, தொழிலாளியின் பிள்ளை படிப்பதற்காக வந்ததன்று. இன்று 9 வாட் எல்.ஈ.டி. விளக்கொன்று, பழைய 60 வாட் குண்டு விளக்கின் வெளிச்சத்தைத் தருகிறது. இரவு 5 மணி நேரம் எரித்தால், பழைய விளக்கு மாதத்துக்கு 9 யூனிட் தின்னும். புதியது ஒன்றரை யூனிட்டைக்கூட எட்டாது. தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 15 லிட்டர் தண்ணீரின் எடை 15 கிலோ. அதனை யாராலும் குறைக்க இயலாது. குடத்தின் எடையைக் குறைக்கலாம். பித்தளைக் குடத்தை வைத்துவிட்டுப் பிளாஸ்டிக் குடத்துக்கு மாறிய பெண்கள் அழகுணர்ச்சி அற்றவர்கள் அல்லர், இடுப்பு வலியை அறிந்தவர்கள். கொசுவலையைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. வலைக்குள் உறங்குபவர் கொசுவைக் கொல்லவும் வேண்டியதில்லை, கடிபடவும் வேண்டியதில்லை.

தண்ணீர் வடிகட்டும் துணியின் பெருமையையும் இங்கே கூறவேண்டும். அனைத்தையும் துறந்த பிக்குவுக்கே எட்டுப் பொருள்கள் அனுமதிக்கப்பட்டன. அவற்றுள் பாத்திரமும் மூன்று ஆடைகளும் இருப்பதில் வியப்பில்லை. ஊசியும் மழிகத்தியும் நீர் வடிகட்டியும் இருப்பதை நோக்குக! நீரிலுள்ள நுண்ணுயிர்களைப் பருகிக் கொன்றுவிடலாகாது என்பதற்காக ஏற்பட்டது அவ்வடிகட்டி. வங்கதேசச் சிற்றூர்களில் பழைய புடவைத் துணியைப் பல மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிகட்டச் செய்து பார்த்த ஆராய்ச்சியாளர்கள், காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2003ஆம் ஆண்டு வெளியிட்டனர். வடிகட்டிய நீரைக் காய்ச்சியும் குடித்தல் மேலும் நன்று. உயிர்க்கு இரங்கி ஏற்பட்ட வழக்கம் குடிப்பவனையும் காக்கின்றது. அதற்கு ஆகும் செலவு ஒரு கிழிந்த புடவை.

வாங்கிய பின் பொருளை எவ்வாறு நடத்துகிறோம் என்பதிலும் வேட்கை வெளிப்படும். கோசாம்பியில் உதேன மன்னனின் தேவியர் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகள் வழங்கினர். ஒரு துறவிக்கு இத்தனை எதற்கு, கடை வைக்கப் போகிறாரோ என்று ஐயுற்ற மன்னன், நேரில் வந்து வினவினான். கிழிந்த ஆடையோடிருக்கும் பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் ஆனந்தர். அவர்களுடைய பழைய ஆடைகளை என்ன செய்வீர் என்றான். படுக்கை விரிப்பாக்குவோம் என்றார். பழைய விரிப்புகள் மெத்தை உறையாகும். பழைய உறைகள் தரைவிரிப்பாகும். அவையும் பழசானால் கால் துடைக்கவும், பின்னர்த் தூசு தட்டவும் ஆகும். அதற்கும் உதவாதபோது கந்தலை மண்ணோடு பிசைந்து தரை மெழுகுவோம் என்று முடித்தார். மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகள் தந்தான். ஐந்நூறும் ஆயிரமும் ஆனந்தரை வேட்கையாளராக்கவில்லை. நம் வீடுகளிலோ, ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது என்பதற்காகவே நல்ல குக்கரைப் பரண்மேல் ஏற்றிவிட்டுப் புதியதைத் தேடுவோர் உளர். வளையத்தின் விலை குக்கர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

இக்கட்டுரையை எழுதி முடிக்குமுன், அப்பெரியவரைக் காண அவர் வீட்டுக்குச் சென்றோம். ஒருவர் இல்லாத இடத்தில் அவரை மறுத்து எழுதுவது முறையன்று எனக் கருதினோம். மேலே கூறியவற்றையெல்லாம் அவரிடம் வாய்மொழியாகக் கூறினோம். பெரும்பகுதியை அவர் தலையசைத்துக் கேட்டார். தவணையைப் பற்றிக் கூறியதை முழுமனத்தோடு ஒப்புக்கொண்டார். அணிகலனைப் பற்றிக் கூறியதை ஒப்பவில்லை. பின்னர்ச் சற்று நேரம் பேசாதிருந்தார். காலஞ்சென்ற தம் மனைவியார் அவ்வீட்டின் பின்கட்டில் விறகடுப்பை ஊதி ஊதியே கண்பார்வை மங்கியதை எடுத்துச் சொன்னார். சுரங்கம் மூடிய ஆண்டில் தம் கைக்கு மொத்தமாக வந்த தொகையில் ஒரு காஸ் அடுப்பு வாங்கியிருக்கலாம் என்றும், அவர் ஒருமுறை கேட்டதாகவும், அப்போது தாம் என்ன விடை கூறினோம் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது என்றும் கூறினார்.

அந்த விடை என்னவென்று நாம் கேட்கவில்லை. அடுத்த பௌர்ணமியன்று அவ்வம்மையார் கூட்டத்துக்கு வருவாரா என்று மட்டும் அவர் கேட்டார், வருவார் என்றோம்.